மலைநாட்டில் மனை கட்டுவார் கழிவிரக்கம்

ஆடை அளவிற் பிழைத்தால் பிரித்துத் தைக்கலாம். கட்டுரை பிழைத்தால் கிழித்தெறிந்து வேறெழுதலாம். வீடு அத்தகையதன்று. தாளில் வரைந்த கோடு கல்லும் சாந்துமாய் எழுந்து நின்ற பின்னரே, 'அடுக்களையை இப்பக்கம் வைத்தோமே' என்னும் எண்ணம் நெஞ்சைக் குடையத் தொடங்குகிறது. பாதி எழுந்த சுவரின் முன்னே கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது நிற்பதை நீலகிரியிற் பலகாற் காணலாம். இக்கழிவிரக்கம் எங்கிருந்து பிறக்கின்றது, அதனுள் எதற்குச் செவிசாய்த்தல் வேண்டும், எதனைப் பொறுத்துக்கொள்ளுதல் வேண்டும் என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தேயிலைத் தோட்டங்களில் உழைப்போர் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தோட்டத்தார் கொடுத்த லைன் வீடுகளிலேயே கழிக்கின்றனர். எழுத்தர்க்கும் மேற்பார்வையாளர்க்கும் தோட்டத்து வீடே வீடு. வேலையினின்று ஓய்வு பெற்றால் அதனை விட்டு நீங்குதல் வேண்டும். சேமநிதியும் பணிக்கொடையும் கைக்கு வரும் அவ்வொரு நாளில், அதுகாறும் பிறர் சுவருள் வாழ்ந்த குடும்பம் முதன்முறையாகத் தன் சுவரை எழுப்புகின்றது. மற்றுமொரு முறை கட்டுதற்குப் பொருளுமில்லை, வயதுமில்லை. ஆதலின், சமவெளிச் செல்வர்க்குச் சிறு மனக்குறையாய்க் கழிந்துவிடும் ஒரு பிழை இவர்க்கு உறக்கத்தையே கெடுப்பதாகின்றது.

பிழைகளுட் பல, சமவெளி வீட்டைப் பார்த்து மலைமேல் வீடு வரைவதனால் வருவன. கோயம்புத்தூரில் வெயிலை விலக்குவதே கட்டுவோன் கவலை. உதகையிலோ வெயிலை வீட்டினுள் அழைப்பதே கவலை. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மார்கழி தை மாதங்களில் உதகையின் பள்ளங்களில் உறைபனி படியும். அக்காலத்துக் கதிரவன் தென்பாற் சாய்ந்து செல்வதால், தெற்கு நோக்கிய சன்னல் உள்ள அறை பகலில் வெதுவெதுப்பாகும். வடக்கு நோக்கிய அறையில் துணிகள் பூசணம் பூக்கும். மழையோ இன்னும் குறும்பானது. கூடலூர்ப் பக்கம் ஆனி ஆடியில் மேல்காற்றோடு பெய்வது. குன்னூர் கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் கீழ்காற்றோடு பெய்வது. மேற்கே தீங்கற்ற சன்னல் கிழக்கே தண்ணீர் கொட்டும் வாயிலாகும். நண்பர் வீட்டின் படத்தை அப்படியே வாங்கிக் கட்டினோர் பின்னர் வருந்துவதன் காரணம் இதுவே.

பழந்தமிழர் இதனை நன்குணர்ந்திருந்தனர். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், நூல் வல்லார் இரு கோல் நட்டு நிழல் பார்த்துத் திசையறிந்த பின்னரே நூல் பிடித்து அரண்மனையை வகுக்கின்றனர். மழையும் வாடையும் வருத்தும் நாளில் அந்நகர மாந்தர் சாளரத்தை அடைத்துவிட்டுத் தடவு என்னும் நெருப்புச் சட்டியின் அருகே ஒடுங்குகின்றனர். வகுப்பிற் படிக்குங்கால் இதனை மதுரையைப் பற்றியதாகக் கொள்கின்றோம். குன்னூர்க் கார்த்திகையிற் படித்தாலோ அண்டை வீட்டைப் பற்றியதாகவே தோன்றும். தோடரின் பழைய மரபு வீட்டைப் பாருங்கள்: நீளவாட்டில் பிளந்து கவிழ்த்த பீப்பாய் போன்ற வடிவு; மூன்றடி உயரமே உள்ள வாயில். புதிதாகக் காண்பவர் வாயிலைச் சிறிதாக அமைத்துவிட்டனரே என்று இரங்குவர். காற்றும் குளிரும் விலங்கும் புகாமைக்கு அதுவே காப்பு. குறையென்று கண்ணுக்குத் தோன்றுவதெல்லாம் குறையன்று.

இனி, செவிசாய்க்கத்தக்க கழிவிரக்கம் யாது? மண், நீர், மூச்சு ஆகிய இவற்றைத் தொட்டது எதுவாயினும் அதற்கு உடனே செவிசாய்த்தல் வேண்டும். 2009-ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதின்மருக்கு மேல் மாண்டனர். சரிவை வெட்டி மட்டம் செய்த மனையில், வெட்டின் பின்னே எழுப்பும் தடுப்புச் சுவரே வீட்டின் உயிர். காய்ந்த மண்ணைத் தாங்கும் சுவர், நனைந்த மண்ணைத் தாங்குவதில்லை. சுவரின் பின் தேங்கும் நீர் தன் எடையையும் சேர்த்துத் தள்ளும். ஆதலாற்றான் சுவரிற் கசிவுத் துளைகளும், பின்னே சல்லி நிரப்பிய வடிகாலும் வேண்டும் என்பர். சுவர் எழுந்த பின் 'துளை விடவில்லையே' என்று நினைவு வருமாயின், அன்றே வேலையை நிறுத்துக. அழகிய தரைக்கல்லுக்கு வைத்திருந்த பணம் அதற்குச் செலவாயினும் ஆகுக. அங்ஙனமே புகைபோக்கியை மறந்து கட்டிவிட்டு, குளிர் தாங்காமல் அடைத்த அறையுள் கரி நெருப்பு மூட்டுவோர் உளர். கரி எரியுங்கால் எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உறங்கியவர் எழுவதில்லை. இத்தகைய பிழையைப் 'போகட்டும்' என்று விடுதல் பொறுமையன்று.

கண்ணைப் பற்றிய கழிவிரக்கம் வேறு. கடைகால் தோண்டிய நாளில் அறை கோழிக்கூடு போலச் சிறுத்துத் தோன்றும். பூச்சு முடிந்து சன்னல் வழியே வெளிச்சம் வந்தால் அதுவே பெருகித் தோன்றும். இடைப்பட்ட நாளில் சுவரை இடிக்கச் சொல்பவர் பலர். விட்கென்ஸ்டைன் என்னும் தத்துவ அறிஞர் 1926 முதல் 1928 வரை வியன்னாவில் தம் தமக்கைக்கு வீடு கட்டினார். வீடு முடியும் தறுவாயில், ஒரு கூடத்தின் மேற்றளம் மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்தது எனக் கருதி அதனை உயர்த்தச் செய்தார். தமக்கையார் பெருஞ்செல்வர், செய்யலாம். சேமநிதியிற் கட்டுவோர் செய்யலாகாது. அமெரிக்கத் தலைவர் ஜெபர்சன் கதை இன்னும் கொடிது. அவர் மான்டிசெல்லோ என்னும் தம் மலைவீட்டை 1769-இல் தொடங்கினார். பிரான்சு நாட்டு மாளிகைகளைக் கண்டு வந்த பின் அது பிடிக்காமற்போக, 1796 முதல் மேற்பகுதியை இடித்து வேறாகக் கட்டினார். 1809 வரை வேலை நடந்தது. உழைத்தவருட் பலர் அவர்தம் அடிமைகள். மனைவி 1782-லேயே இறந்தார். திருத்திய வீட்டை அவர் கண்டிலர். அத்தனை திருத்திய வீட்டிலும் மாடிப்படி இரண்டடி அகலமே! கடனோடு அவர் இறந்த பின் குடும்பத்தார் 1831-இல் வீட்டை விற்றனர்.

எனவே கண்ணுக்குப் பிடியாததனை ஓராண்டு குடியிருந்து பார்த்தல் நன்று. ஒரு மழையும் ஒரு பனியும் கடந்த பின்னும் உறுத்துமாயின் மாற்றுக. மேலே ஒரு மாடி எழுப்பிக் குறையைத் தீர்த்துக்கொள்வோம் என்பார்க்கு மலைநகரக் கட்டட விதிகள் குறுக்கே நிற்கும். அவற்றை முன்னரே கேட்டறிக. கழற்றிய நிலையும் சன்னலும் வீணென்று வருந்தவும் வேண்டா. உதகைத் தூய ஸ்தேவான் ஆலயத்தை 1829-ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டியபொழுது, சீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தான் அரண்மனை மரங்களையே மலையேற்றிக் கொணர்ந்து அமைத்தனர்.

குற்றவாளியைத் தேடுவது இதனினும் பெருந்துன்பம். மேஸ்திரி என்பார் ஒருவர்; உன் அண்ணன் பேச்சைக் கேட்டதனால் என்பார் மற்றொருவர். மாற்றம் ஒவ்வொன்றையும் நாளிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி, வீட்டார் எல்லோரும் பார்த்த பின் கொத்தனாரிடம் சொல்வதானால் இச்சண்டையிற் பாதி குறையும். மற்றப் பாதி எங்கும் உள்ளதே.

சுவரை மாற்ற இயலாதவிடத்துப் பயனை மாற்றலாம். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் உதகையில் தம் குடும்பத்துக்கெனக் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரியின் வளாகத்துள் இருக்கின்றது. அன்று அறை வகுத்தவர் மாணவரை நினைத்திருக்க வழியில்லை. கோத்தகிரிப் பக்கம் யாம் அறிந்த ஒரு குடும்பத்தார், முதிய தாயாருக்கென்று வெட்டுச் சரிவை ஒட்டி ஓர் அறை கட்டினர். முதல் மழையிலேயே சுவர் வியர்த்தது; தாயாருக்கு இருமல் கண்டது. பின்னே வடிகால் வெட்டியும் ஈரம் முற்றும் நீங்கவில்லை. மருமகள்தான் வழி கண்டாள். தெற்கு நோக்கிய முன்கூடத்தைத் தாயாருக்குக் கொடுத்து, நாற்காலிகளைத் திண்ணைக்கு மாற்றி, ஈர அறையில் விறகை அடுக்கினர். வீடு பார்க்க வந்தோர் முன்கூடத்திற் கட்டிலா என்று நகைத்தனர். தாயாரோ காலை வெயிலிற் போர்வையை விரித்து அமர்ந்து, தேயிலைக்குச் செல்லும் பெண்கள் ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லி அழைத்து நலம் விசாரிக்கின்றார்.