சாகவிடாமல் தடுக்கும் இரண்டு மரபணுக்கள்

1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கர்ப்பப்பை வாய்க் கட்டியிலிருந்து கொஞ்சம் சதையை எடுத்தார்கள். அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அந்த ஆண்டே அவர் இறந்துபோனார். அந்தச் செல்கள் மட்டும் 'ஹீலா' என்ற பெயரில் இன்றும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்குள் எச்.பி.வி. என்னும் பாப்பிலோமா வைரஸின் 18-ஆம் வகை ஒளிந்திருந்தது 1980-களில்தான் தெரியவந்தது. அதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

காவலுக்கு ஆள் இருந்தும்

செல்லின் மரபணுத்தொகுப்பு பழுதானால் பெருக்கத்தை நிறுத்துவதும், சரிசெய்ய முடியாதபோது செல்லைச் சாகவைப்பதும் பி53 என்ற புரதத்தின் வேலை. பல புற்றுநோய்களில் பி53-இன் மரபணுவே கெட்டுப்போயிருக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றில் அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. வைரஸின் இ6 மரபணு தரும் புரதம்தான், பி53 உருவாக உருவாக அதை அழிவுக்கு அனுப்புகிறது. இ7 தரும் புரதமோ, செல் பிரிவதற்குத் தடைபோடும் ஆர்பி என்ற இன்னொரு காவலரை முடக்குகிறது. அப்படியானால் இந்த இரண்டின் வாயை அடைத்தால்?

ஜெராக்ஸைக் கிழிப்பது

மரபணு பெட்டியில் பூட்டிய வீட்டுப் பத்திரம் என்றால், ஆர்.என்.ஏ. அதன் ஜெராக்ஸ். புரதம் தயாராவது அதைப் பார்த்துத்தான். ஏறத்தாழ 21 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்.என்.ஏ. ஒன்றைச் செல்லுக்குள் விட்டால், அதற்குப் பொருந்தும் ஜெராக்ஸைச் செல்லே தேடி வெட்டிவிடும். பத்திரத்தில் கீறல் விழாது. இந்த ஏற்பாட்டைப் புழுக்களில் விளக்கி 1998-இல் எழுதிய ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவருக்கும் 2006-இல் நோபல். அதற்கும் முன்பே, பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தை அடர்த்தியாக்க முயன்றவர்களுக்கு வெள்ளைப் பூ பூத்தது; அதுவும் இதே வித்தைதான்.

நின்றதா, செத்ததா?

2002-இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எச்.பி.வி. 16 உள்ள புற்றுச் செல்களில் இந்தக் குட்டி ஆர்.என்.ஏ. வித்தையைச் செய்துபார்த்தார்கள். இ6-ஐ அடக்கியதும் பி53 சேர்ந்தது. செல்களின் வளர்ச்சி குறைந்தது. இ7-ஐ அடக்கியபோது செல்கள் தாமே மடிந்தன.

வளர்ச்சி நிற்பதும் சாவதும் வேறுவேறு. செய்திகளில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். எம்.டி.டி. என்ற சோதனையில், உயிருள்ள செல்கள் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும். ஊதா குறைந்தால் செல்கள் பெருகாமல் இருக்கலாம், செத்தும் இருக்கலாம். சாவை உறுதிசெய்ய அனெக்சின் சோதனை வேண்டும். ஒழுங்காக மடியும் செல், சவ்வின் உட்பக்கம் இருக்க வேண்டிய ஒரு கொழுப்பை வெளிப்பக்கம் திருப்பிக் காட்டும். அனெக்சின் போய் ஒட்டுவது அதில்தான். நின்றுபோன செல் ஒருநாள் மறுபடி கிளம்பலாம் என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

தட்டு வேறு, உடம்பு வேறு

ஆய்வுக்கூடத் தட்டில் சுலபமாக நடப்பது உடம்பில் அப்படி நடப்பதில்லை. குட்டி ஆர்.என்.ஏ.வை ரத்தம் சிதைக்கிறது, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. கல்லீரலுக்குக் கொண்டுசேர்ப்பதுதான் ஓரளவு எளிது. 2018-இல் அனுமதி பெற்ற இவ்வகையின் முதல் மருந்து பாட்டிசிரானும் கல்லீரலைக் குறிவைப்பதே. அது புற்றுநோய்க்கானதும் அல்ல. 'புற்றுநோய் மரபணுவை அடக்கும்' என்று விளம்பரம் செய்யும் பொடிகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

இ6, இ7 உள்ளே நுழையாமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் பரிசோதனை அவசியம். மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டாலோ, உடலுறவுக்குப்பின் பட்டாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பரிசோதனைக்குப் பெரிய கருவியும் வேண்டியதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, இந்நோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. அமிலம் பட்டால், புற்றாக மாறத் தொடங்கிய இடம் ஓரிரு நிமிடத்தில் வெளுத்துவிடும்.