வேர் சிகிச்சை செய்த பல்லில் நார்த் தண்டு: மூத்தோர் அறிய வேண்டியவை

பல்லின் நரம்பு கெட்டுப்போனாலும், பல்லைப் பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்து காப்பாற்றலாம். ஆனால் சொத்தை அரித்ததும் சிகிச்சைக்குக் குடைந்ததும் போக, மீதி இருக்கும் பல் குறைவு. அதனால் அது எளிதில் உடையும்.

பல்லின் மேல்பகுதி பெரும்பாலும் போய்விட்டால், வேருக்குள் மெல்லிய தண்டு ஒன்றை ஒட்டி, அதைப் பிடிமானமாகக் கொண்டு பல்லைக் கட்டி எழுப்பி, மேலே உறை போடுவார்கள். கண்ணாடி நாரைப் பிசினில் பதித்துச் செய்த தண்டை ‘ஃபைபர் போஸ்ட்’ என்பார்கள். எல்லாப் பல்லுக்கும் இது தேவைப்படாது.

உலோகத் தண்டுதானே பலமானது?

எஃகு, பல்லின் உட்பகுதியைவிட ஏறத்தாழ 10 மடங்கு விறைப்பானது. நார்த் தண்டின் விறைப்பு பெரும்பாலும் 3 மடங்குக்குள் இருக்கும். மண்சுவரில் இரும்புக் கம்பியை அடித்து அசைத்தால் கம்பி வளையாது; சுவர்தான் விரியும். அதுபோல, மிக விறைப்பான தண்டு மெல்லும் அழுத்தத்தை வேரின் மேல் சுமத்தலாம். வேர் நெடுக்காகப் பிளந்தால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்க நேரிடும்.

நார்த் தண்டு பல்லோடு சேர்ந்து சற்று வளையும். அளவு மீறினால், பல நேரம் ஒட்டு விடும் அல்லது தண்டு முறியும். வேர் நன்றாக இருந்தால் மீண்டும் சரிசெய்ய வாய்ப்புண்டு.

தண்டு பல்லைப் பலப்படுத்துமா?

இல்லை. அது மேல்கட்டைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். பலம் தருவது மிஞ்சியிருக்கும் உங்கள் சொந்தப் பல். ஈறுக்கு மேல் சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் நல்ல பல் இருந்தால், உலக்கைக்குப் பூண் போட்டதுபோல் உறை அதை இறுகப் பிடிக்கும். ஆகவே பல் மேலும் உடையும்வரை காத்திருக்காதீர்கள்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

- உறை ஆடுவது அல்லது கழன்று விழுவது
- கடிக்கும்போது வலி
- ஈறில் வீக்கம், சீழ்க்கொப்புளம்
- அந்தப் பல்லருகே கெட்ட சுவை அல்லது நாற்றம்

நரம்பு எடுத்த பல்லில் கூச்சமோ சொத்தை வலியோ தெரியாது. வலி இல்லை என்பதால் பல் நன்றாக இருப்பதாக நினைக்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை

- கழன்ற உறையைப் பத்திரமாகக் கொண்டு வாருங்கள். கடையில் விற்கும் பசையால் நீங்களே ஒட்டாதீர்கள்.
- கொட்டைப்பாக்கு, எலும்பு, ஐஸ்கட்டி, கெட்டி முறுக்கு ஆகியவற்றை அந்தப் பல்லால் கடிக்காதீர்கள்.
- தினமும் இருமுறை ஃபுளோரைடு பற்பசையால் துலக்குங்கள். உறையும் ஈறும் சேரும் ஓரத்தை மறவாதீர்கள்.
- இரவில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் வசிப்போர் அருகிலுள்ள அரசாங்கப் பல் கிளினிக்கை முதலில் நாடலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து நிபுணரிடம் அனுப்புவார்கள். வரும்போது மைகாட், நீங்கள் உட்கொள்ளும் மருந்துகள், பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.