‘சும்மா’ உதவியின் பெறுமதி

வெள்ளம் வந்த ஊரொன்றின் பள்ளிவாசல் வளவில் சமையல் நடக்கிறது. அயல் வீட்டுப் பெண்கள் இருபது பேர் வெங்காயம் உரிக்கின்றனர், அரிசி களைகின்றனர், சோற்றுப் பார்சல் கட்டுகின்றனர். அவர்களுள் ஒரு தாயிடம், “நீங்கள் தொண்டரா?” என்று கேட்டுப் பாருங்கள். “இல்லை மகள், சும்மா உதவிக்கு வந்தேன்” என்பார். அந்தச் ‘சும்மா’வுக்குள் பெரும் உழைப்பு மறைந்துவிடுகிறது.

தொண்டுப் பணியை அளவிடுவதற்கான கைந்நூல் ஒன்றை 2011இல் சர்வதேச தொழில் தாபனம் வெளியிட்டது. அதன் கேள்விகளில் ‘தொண்டர்’ என்ற சொல் தவிர்க்கப்பட்டுள்ளது. கடந்த நான்கு வாரங்களில் உங்கள் வீட்டாருக்கன்றிப் பிறருக்காக, ஊதியமின்றி என்ன வேலை செய்தீர்கள், எத்தனை மணித்தியாலம் செய்தீர்கள் என்றே கேட்கப்படுகிறது. இப்படிக் கேட்டால் அந்தத் தாயும் விரல் மடித்துக் கணக்குச் சொல்வார். கட்டாயத்தின் பேரில் செய்யும் சேவை இக்கணக்கில் சேராது என்பதை மாணவிகளாகிய நாமும் மனங்கொள்ள வேண்டும்.

நேரம் தெரிந்தபின் அதற்குப் பெறுமதி இடலாம். இதற்கு இரு முறைகள் உள்ளன. ஒன்று, அவ்வேலையைக் கூலிக்குச் செய்வித்தால் எவ்வளவு செலவாகும் எனப் பார்ப்பது. இருபது பேர் ஐந்து மணித்தியாலம் உழைத்தால் 100 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 300 ரூபா கூலி என வைத்துக்கொண்டால் 30,000 ரூபா. மற்றையது அமையச் செலவு. அந்நேரத்தில் அவர் தமது தொழிலில் எவ்வளவு சம்பாதித்திருப்பார் எனப் பார்ப்பது. இம்முறையில், ஒரே சட்டியைக் கழுவினாலும் வைத்தியரின் மணித்தியாலம் உயர்ந்தும், தொழிலற்ற தாயின் மணித்தியாலம் தாழ்ந்தும் தெரியும். கைந்நூல் பரிந்துரைப்பது முதலாவது முறையையே.

எனினும் எல்லாவற்றையும் ரூபாவில் அளந்துவிட முடியாது. நள்ளிரவில் அழைத்தாலும் வந்து, ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிடும் பெண்ணின் பணிக்கு எந்தச் சந்தையில் விலை உண்டு?

இக்லாஸுடன் செய்பவர் கணக்குப் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டியதில்லை. ஆனால் உதவி பெற்ற சமூகம் கணக்குப் பார்க்க வேண்டும். கணக்கில் வராதவரை, திட்டம் வகுக்கும் கூட்டத்துக்கு யாரும் அழைப்பதில்லை. அடுத்த நிவாரண அறிக்கையில் அரிசி மூட்டைகளையும் நன்கொடைகளையும் எழுதும்போது, சமைத்த கைகளின் மணித்தியாலங்களுக்கும் ஒரு வரி ஒதுக்குவோம்.