இலையைக் கிள்ளும் முன்...

வீட்டில் எலுமிச்சை, கொய்யா, கத்தரி வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இலைகளுக்குள்ளிருந்து 'டுவிட் டுவிட்' என்று ஊரைக் கூட்டுகிற சத்தம் கேட்டால், அது தையல்சிட்டு. எடை 10 கிராம்கூட தேறாது; தொண்டை மட்டும் அப்படி!

கூடு கட்டுவது பெண் சிட்டுதான். பெரிய இலையாகப் பார்த்து, ஓரத்தில் அலகால் பொடிப்பொடியாகத் துளை போட்டு, பஞ்சு இழையோ சிலந்தி நூலோ கோத்து இழுத்துத் தைத்துவிடும். (நமக்கு ஊசியில் நூல் கோக்கவே கண்ணாடி வேண்டியிருக்கு.) துளை ரொம்பச் சின்னது என்பதால் இலை வாடாது. பச்சையாகவே இருந்து கூட்டை மறைத்துவிடும். உள்ளே பஞ்சு மெத்தை வேறு!

குஞ்சுகளுக்குத் தாயும் தகப்பனும் மாறி மாறி ஊட்டுவது, நம் செடியை அரிக்கிற புழு பூச்சிகளைத்தான். அந்த நேரத்தில் மருந்தை அடித்தால் இரையும் போச்சு, குஞ்சும் போச்சு. இலை சுருண்டிருந்தால் நோய் என்று சட்டென்று கிள்ளிவிடாதீர்கள்; ஓரத்தில் தையல் இருக்கிறதா பாருங்கள். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஒரு மாதம்கூட ஆகாது. அதுவரை கத்தரிக்கோல் உள்ளேயே இருக்கட்டும். பூனையையும் அந்தப் பக்கம் விடாதீங்க.

- ஒரு வாசகி, கும்பகோணம்