மெழுகுதிரியும் மாணாக்கனும்: சிறார்க்கு விஞ்ஞானம் கற்பிக்கும் நெறி

பாடசாலை வாயிலை மிதிப்பதற்கு முன்னரே குழந்தை ஆராயத் தொடங்கிவிடுகின்றது. நிலவு தன்னுடன் கூடவே வருவது ஏன், எறும்புகள் வரிசை தவறாது செல்வது எவ்வாறு, மாரி காலத்திற் கிணற்று நீர் மேலே வருவது ஏன் என்று அது ஓயாது வினவுகின்றது. விடை கிடையாதவிடத்துத் தானே தொட்டுப் பார்க்கின்றது, பிரித்துப் பார்க்கின்றது, சில வேளைகளில் உடைத்தும் பார்க்கின்றது. அக்குழந்தையே எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளை அடையும்போது பெரும்பாலும் வினவுதலை நிறுத்திவிடுகின்றது. அப்பொழுது அதன் கையில் விஞ்ஞானப் பாடநூல் இருக்கின்றது. குறிப்புக் கொப்பி நிரம்பியிருக்கின்றது. வினா மாத்திரம் இல்லை. விஞ்ஞானத்தைக் கற்கத் தொடங்கிய பின்னர் விஞ்ஞான உணர்வு மங்கிப்போவது விந்தையன்றோ? இதற்குரிய காரணம் குழந்தையின் இயல்பிலன்றிக் கற்பிக்கும் முறையிலேயே பெரிதும் தங்கியுள்ளது என்பதை ஒரு மெழுகுதிரியைக் கொண்டே விளக்கலாம்.

விஞ்ஞானம் என்னும் சொல் இரு பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. ஒன்று, இதுவரை அறிஞர்கள் கண்டறிந்த உண்மைகளின் தொகுதி. மற்றையது, உண்மையைக் கண்டறியும் முறை. முன்னையது நூல்களில் உள்ளது. பின்னையது மனத்திற் பயின்று வருவது. தொகுதியை மாத்திரம் கொடுத்து முறையைக் கொடாது விடுங் கல்வி, நீந்தும் விதிகளை மனனஞ் செய்வித்துக் குளத்தைக் காட்டாது விடுவதை ஒக்கும். தமிழர் கல்வி மரபும் இவ்வேறுபாட்டை அறியாததன்று. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கன் பாடங்கேட்கும் முறையைக் கூறுமிடத்து, கேட்டதைச் சிந்தித்தலோடு நின்றுவிடாது, வினாவுதலையும் பிறர் வினாவியவற்றுக்கு விடை கூறுதலையும் கற்போனின் கடமைகளுள் வைத்து எண்ணுகின்றது. சொன்னவர் யாவராயினும் சொல்லப்பட்ட பொருளின் மெய்மையைக் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வகுத்த இலக்கணமாகும். விஞ்ஞான முறையின் உயிர்நிலையும் இதுவே.

மெழுகுதிரியைக் கொண்டு சிறார்க்கு விஞ்ஞானம் புகட்டியோருள் தலைசிறந்தவர் மைக்கல் பரடே ஆவர். 1791 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்த இவர், முறையான பாடசாலைக் கல்வியைச் சிறிதே பெற்றவர். புத்தகங் கட்டுந் தொழிலைப் பயிலும்போது, கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே விஞ்ஞானத்தில் ஈடுபாடு கொண்டார். இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூஷன் என்னும் நிறுவனத்தில் இளையோர்க்கென 1825 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நத்தார்க்கால விரிவுரைகள், இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் சில ஆண்டுகள் தடைப்பட்டமை தவிர, இன்றுவரை நடைபெற்று வருகின்றன. அவற்றுட் பத்தொன்பது தொடர்களைப் பரடேயே நிகழ்த்தினார். 1848 ஆம் ஆண்டிலும் 1860 ஆம் ஆண்டிலும் அவர் எடுத்துக்கொண்ட பொருள் மெழுகுதிரி ஒன்றே. 1861 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த அவ்விரிவுரைகள் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டுள்ளன.

அவர் கையாண்ட முறை யாது? சுடரின் இருண்ட நடுப்பகுதியிற் கண்ணாடிக் குழாயொன்றை நுழைத்து, அதன் மறுமுனையில் வெளிவந்த மெழுகாவியைக் கொளுத்திக் காட்டினார். எரிவது திண்ம மெழுகன்று, அதன் ஆவியே என்பதைச் சிறார் கண்ணாற் கண்டனர். குளிர்ந்த பாத்திரமொன்றைச் சுடருக்கு மேலே பிடித்து, நெருப்பிலிருந்து நீர்த்துளி தோன்றுவதைக் காட்டினார். எரிதலால் உண்டாகும் வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போலாக்குவதையும், மனிதர் விடும் மூச்சும் அவ்வாறே செய்வதையும் ஒப்பிட்டு, மெழுகுதிரி எரிதலுக்கும் உயிர் வாழ்தலுக்கும் உள்ள உறவை உணர்த்தினார். ஒவ்வொரு படியிலும் காட்சி முன்னே வந்தது. பெயர் பின்னே வந்தது.

இனி, இன்றைய வகுப்பறையில் அம்மெழுகுதிரி படும் பாட்டை நோக்கலாம். தட்டொன்றில் நீரை ஊற்றி, அதன் நடுவே எரியும் மெழுகுதிரியை நிறுத்தி, கண்ணாடிக் குவளையொன்றைக் கவிழ்த்து மூடுவது ஆசிரியர் பலரும் அறிந்த பரிசோதனை. சிறிது நேரத்திற் சுடர் அணையும். குவளையினுள் நீர் உயரும். இதற்குப் பாடநூல்கள் பலவற்றிற் காலங்காலமாகக் கூறப்பட்டுவந்த விளக்கம் எளியது: “மெழுகுதிரி குவளையிலுள்ள ஒட்சிசன் முழுவதையும் எரித்துவிட்டது, அதன் இடத்தை நீர் நிரப்பியது, நீர் ஐந்திலொரு பங்கு உயர்ந்தமையால் வளியில் ஐந்திலொரு பங்கு ஒட்சிசன் உண்டு.” மாணாக்கர் இதனை எழுதிக்கொள்வர், பரிசோதனை முடிந்தது எனப் பாத்திரங்கள் எடுத்து வைக்கப்படும்.

ஆனால் அவ்வகுப்பிற் கூர்ந்து நோக்கும் மாணாக்கன் ஒருவன் இருப்பானாயின், அவன் வேறு சிலவற்றைக் காண்பான். சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது நீர் அதிகம் உயரவில்லை. அணைந்த பின்னரே விரைந்து ஏறியது. ஒட்சிசன் எரிந்து முடிந்ததே காரணமாயின், எரியும் நேரம் முழுவதும் நீர் சிறிது சிறிதாக உயர்ந்திருத்தல் வேண்டுமன்றோ? குவளையை மூடியபோது அதன் விளிம்பின் கீழிருந்து சில குமிழிகள் வெளியேறியதையும் அவன் கண்டிருத்தல் கூடும். ஒரு திரிக்குப் பதிலாக மூன்று திரிகளை வைத்தால் நீர் முன்னையினும் உயர ஏறும். குவளை அதுவே, அதிலுள்ள ஒட்சிசனும் அவ்வளவே. நீர் மாத்திரம் கூடுதலாக ஏறியது எவ்வாறு?

இவ்வினாக்களுக்கு மேற்கூறிய விளக்கம் விடை தரமாட்டாது. ஏனெனில் அவ்விளக்கமே பிழையானது. 100 பங்கு வளியில் ஏறத்தாழ 21 பங்கு ஒட்சிசன் உள்ளது. அஃது ஏறத்தாழ 16 பங்காகக் குறையும்போதே சாதாரண மெழுகுதிரிச் சுடர் அணைந்துவிடும். செலவான 5 பங்கிற்கு ஈடாக ஏறக்குறைய 3 பங்கு காபனீரொட்சைட்டு தோன்றுகின்றது. அது நீரில் விரைந்து கரைந்துவிடுவதுமில்லை. ஆகவே எரிதலால் மாத்திரம் குறையும் கனவளவு 100 இல் 2 பங்கு அளவினதே. நீர் உயர்வதற்குப் பெருங்காரணம் வெப்பமாகும். சுடரின் மேற் கவிழ்க்கப்படும் குவளையை வெப்பமுற்று விரிந்த வளி நிரப்புகின்றது. அதில் ஒரு பகுதி குமிழியாகவும் வெளியேறுகின்றது. சுடர் அணைந்ததும் எஞ்சிய வளி குளிர்ந்து சுருங்குகின்றது. நீராவியும் ஒடுங்கித் துளியாகின்றது. உள்ளே அமுக்கம் குறைய, வெளியேயுள்ள வளிமண்டல அமுக்கம் நீரை உள்ளே தள்ளுகின்றது. திரிகள் கூடினால் வெப்பம் கூடுகின்றது. அதனால் நீரின் ஏற்றமும் கூடுகின்றது.

“சுடர் அணைந்த பின்னரன்றோ நீர் ஏறியது?” என்று அம்மாணாக்கன் வினவும் கணமே விஞ்ஞானக் கல்வியின் சோதனைக் கணம். அப்போது ஆசிரியர் முன் மூன்று வழிகள் உள்ளன. நூலில் உள்ளதை எழுதுக என்று கூறி அமரச் செய்யலாம்; அவ்வாறு செய்யின், தன் கண்ணை நம்புதல் தவறு என்பதையே அவன் அன்று கற்றுக்கொள்வான். சரியான விளக்கத்தை உடனே எடுத்துரைக்கலாம். அது முன்னையதினும் நன்று, எனினும் வினா அங்கேயே முடிந்துவிடும். மூன்றாவது வழி, “அதனை எவ்வாறு சோதித்து அறியலாம்?” என்று வினாவை அவனிடமே திருப்பிக் கொடுப்பது. சிறாரின் ஆக்கத்திறன் பிறக்கும் இடம் இதுவே.

ஆக்கத்திறன் என்பது கவிதைக்கும் ஓவியத்துக்கும் மாத்திரம் உரியதன்று. ஒரு நிகழ்ச்சிக்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று கருதுவதும், அக்கருத்து மெய்யோ பொய்யோ என்று பிரித்துக் காட்டவல்ல சோதனையொன்றை எண்ணிக் காண்பதும் கற்பனையின் தொழிலே. மேற்கூறிய வினா வகுப்பின் கையில் விடப்படின், ஒருவன் திரிகளின் தொகையை மாற்றிப் பார்ப்போம் என்பான். வேறொருத்தி, திரியே இல்லாமல் வெந்நீரால் அலசிய குவளையைத் தண்ணீரிற் கவிழ்த்துப் பார்ப்போம் என்பாள். அவ்வாறு செய்தால், சுடர் எதுவுமின்றியே நீர் உள்ளே ஏறுவது காணப்படும். ஆயிரஞ் சொற்களால் விளக்கவேண்டியதை அவ்வெந்நீர்க் குவளை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடும்.

வளியில் ஐந்திலொரு பங்கு ஒட்சிசன் என்னும் முடிவு மெய்யே. அதற்குக் காட்டப்பட்ட சான்றே பொய். இவ்வேறுபாட்டை உணர்தல் மாணாக்கனுக்குப் பெரும் பேறாகும். தக்க சான்று வேண்டின், ஈரமான இரும்பரத்தூளைப் பரிசோதனைக் குழாயொன்றின் உட்புறத்தில் ஒட்டச் செய்து, குழாயை நீரிற் கவிழ்த்துச் சில நாட்கள் வைத்தல் வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும்போது ஒட்சிசனைக் கவர்கின்றது. வேறு வாயு தோன்றுவதில்லை. சுடரின் வெப்பமும் இல்லை. நீர் மெல்ல மெல்ல ஏறி, ஏறத்தாழ ஐந்திலொரு பங்களவில் நின்றுவிடும். நாள்தோறும் அளந்து குறித்து வரும் சிறுவன் பொறுமையையும் கற்றுக்கொள்கின்றான்.

மாணாக்கர் தாமே கண்டறிதல் வேண்டும் என்னும் இக்கொள்கையை இங்கிலாந்தில் வலியுறுத்தியோருள் இரசாயன அறிஞர் ஹென்றி ஆம்ஸ்ரோங் (1848-1937) முதன்மையானவர். பாடசாலை மாணாக்கனைக் கண்டுபிடிப்பாளனின் நிலையில் நிறுத்தவேண்டும் என்பது அவர் கொள்கை. இதற்கு மறுப்பும் எழுந்தது. அறிஞர் பலர் நூற்றாண்டுகளாக முயன்று கண்டதை ஒரு சிறுவன் வாரத்திற் சில பாடவேளைகளிற் கண்டறிதல் இயலுமா? இம்மறுப்பு நியாயமானதே. ஒட்சிசன் என்னும் பெயரையோ, அது வளியில் எத்தனை பங்கு எரிந்ததும் சுடர் அணையும் என்பதையோ குவளையைப் பார்த்துக்கொண்டிருப்பதனால் மாத்திரம் எவரும் அறியமுடியாது. அவற்றை ஆசிரியர் கூறியே ஆகவேண்டும். ஆயினும் நீர் எப்போது ஏறியது என்பதை அவர் கூறவேண்டியதில்லை. எதனைக் கூறுவது, எதனைக் கூறாது காக்கவைப்பது என்று தெரிந்து நடத்தலே ஆசிரியரின் கலை.

குழந்தையின் மனம் வெறும் பாத்திரமன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. சுவிற்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே (1896-1980) சிறாரின் சிந்தனையை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அகன்ற குவளையிலுள்ள நீரை ஒடுங்கிய நீண்ட குவளையில் ஊற்றிக் காட்டினால், நீர் கூடிவிட்டது என்றே ஐந்து வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் கூறுவர். இல்லை என்று பெரியோர் கூறுவதால் மாத்திரம் அவ்வெண்ணம் எளிதில் மாறிவிடாது. கையாற் பொருள்களைக் கையாண்டும், எண்ணியும், முரண்பட்டுமே குழந்தை தன் அறிவைக் கட்டி எழுப்புகின்றது. ஆதலின் ஒரு பாடத்தைத் தொடங்குமுன், அப்பொருளைப் பற்றி மாணாக்கர் ஏற்கெனவே யாது எண்ணுகின்றனர் என்று கேட்டறிதல் இன்றியமையாதது. பிழையான விடையும் ஆசிரியர்க்கு ஒரு வழிகாட்டியே.

பாடத்திட்டம் பெரிது, வகுப்பிற் பிள்ளைகள் பலர், ஆய்வுகூட வசதி இல்லை, பரீட்சை நெருங்குகின்றது என்பன ஆசிரியர் கூறும் தடைகள். இவை பொய்யானவை அல்ல. எனினும் எல்லாப் பாடங்களையும் இவ்வாறே நடத்தவேண்டும் என்பதில்லை. தவணைக்கு இரண்டொரு பாடமேனும் முழுமையாக ஆராய்ந்து கற்கப்படின், அப்பழக்கம் ஏனைய பாடங்களிலும் பரவும். கருவிகளைப் பொறுத்தவரை, போரினால் அழிவுற்ற நாடுகளின் ஆசிரியர்க்கென எழுந்த சிறு கைநூலொன்றே விரிந்து, 1956 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் விஞ்ஞான போதனை மூலநூலாக வெளிவந்தது. எளிதிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே பரிசோதனைகள் செய்யலாம் என்பதை அந்நூல் உலகுக்குக் காட்டிற்று. மெழுகுதிரியும் குவளையும் வெந்நீரும் இல்லாத பாடசாலை எங்குமில்லை. தீயைக் கையாளும்போது ஆசிரியர் அருகிருத்தல் மாத்திரம் வேண்டும்.

பரீட்சையைப் பற்றி ஒன்று கூறல் தகும். கண்ணாற் கண்டதை எழுதிய மாணாக்கன் புள்ளி இழப்பானாயின், குறை அவனுடையதன்று, அவ்வினாவை ஆக்கியோருடையது. கற்றதை ஒப்புவிக்குமாறு கேட்கும் வினாக்களோடு, காட்சியொன்றைத் தந்து காரணங் கேட்கும் வினாக்களும், சோதனையொன்றை வகுக்குமாறு கேட்கும் வினாக்களும் இடம்பெறுமாயின் வகுப்பறையும் அதற்கேற்ப மாறும்.

விஞ்ஞானங் கற்கும் சிறார் யாவரும் விஞ்ஞானிகளாவதில்லை. ஆயினும் வைத்தியம் செய்வோரும், வயலில் உழுவோரும், வாணிபம் நடத்துவோரும், வாக்களிப்போரும் சான்று கேட்கும் பழக்கம் உடையோராயிருத்தல் நாட்டுக்கு நன்று. அப்பழக்கம் குழந்தை தானாகவே கொண்டுவரும் செல்வம். பாடசாலை அதனைப் புதிதாகக் கொடுக்கவேண்டியதில்லை, பறிக்காதிருந்தாற் போதும். குவளைக்குள் அடைபட்ட சுடர் புதிய வளியின்றி அணைவதைப் போன்றே, விடைகளால் மாத்திரம் மூடப்பட்ட மனத்தில் வினாவும் அணைந்துவிடுகின்றது. அம்மூடியைச் சற்றே உயர்த்திப் பிடிப்பவரே நல்லாசிரியர்.