பல்லிப் பெட்டிக்கு வெப்பமானி வாங்குவோர் கவனத்திற்கு

புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் எமது பிள்ளைகள் நாய், பூனையோடு நின்றுவிடுவதில்லை. சிறுத்தைப் பல்லி வேண்டுமென்கிறார்கள். ஊரில் பல்லி சொன்னால் பலன் பார்த்த நாம், இங்கே அதற்குக் கண்ணாடிப் பெட்டியும் வெப்பப் பாயும் வாங்கிக் கொடுக்கிறோம். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட நிலத்துப் பிராணி அது. நாம் கொடுக்கும் சூடே அதன் சமிபாட்டை நடத்துகிறது.

அந்தச் சூட்டை அளப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்டமான முள் வெப்பமானி ஒன்றை நாமும் மலிவாக வாங்கினோம். முள் 27 பாகையில் அசையாது நின்றது. பல்லியோ சூடான மூலையை அண்டவேயில்லை. கம்பி நுனியில் உணரி பொருத்திய இலத்திரனியல் வெப்பமானியைத் தரையில் வைத்தபோதுதான் அங்கே 43 பாகை என்று தெரிந்தது. வேண்டியது ஏறத்தாழ 32 பாகை. இன்னும் சில நாள் கவனியாதிருந்தால் வயிற்றுத் தோல் வெந்திருக்கும். பல்லி படுப்பது தரையில்; நாம் அளந்ததோ சுவரை!

ஆகவே உணரிக் கம்பியுள்ளதையே வாங்குங்கள். சூடான தரையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று வேண்டும். வெப்பமானி சூட்டைக் காட்டுமேயன்றிக் குறைக்காது. பாய்க்குத் தனியாக வெப்பநிலைக் கட்டுப்படுத்தி அவசியம். நீர் புகாத உணரியாயின், நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிது நீரும் நிறைந்த குவளையில் நுனியை அமிழ்த்திப் பாருங்கள். பூச்சியத்திலிருந்து ஒரு பாகைக்கு மேல் விலகினால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஈரமானிகள் இன்னும் மோசம். அவற்றைச் சோதிக்கக் கறியுப்புப் போதும். போத்தல் மூடியொன்றில் உப்பை நிரப்பி, கரையாமல் ஈர மணல்போல ஆகுமளவுக்கு நீர் விடுங்கள். காற்றுப் புகாத பையொன்றில் மூடியையும் ஈரமானியையும் ஒன்றையொன்று தொடாமல் வைத்து, அறை வெப்பநிலையில் ஓர் இரவு விடுங்கள். காலையில் 75 வீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால், அதன் பின்னர் வாசிக்கும்போது ஏழைக் கூட்டிக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில் இது சிறு விடயமல்ல. வெளியே 0 பாகையில் 80 வீத ஈரப்பதமுள்ள காற்று, வீட்டுக்குள் 22 பாகைக்குச் சூடேறும்போது 20 வீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த வறட்சியில் பல்லி உரிக்கும் தோல் விரல்களில் ஒட்டி இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுக்கும், விரலே உதிர்ந்துபோவதுண்டு. ஈரப் பாசி இட்ட சிறு மறைவிடம் ஒன்று பெட்டிக்குள் இருந்தால் தோல் இலகுவாகக் கழன்றுவிடும்.

வீட்டு வெப்பமூட்டியை இயக்கத் தொடங்கும் ஒக்டோபரில் நாம் உப்புச் சோதனையை மீண்டும் செய்கிறோம். பற்றரியையும் அன்றே மாற்றிவிடுகிறோம்.