அம்பாசடரின் ரேடியேட்டரில் எதை ஊற்றுவது?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தண்ணீர் உறைந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. மார்கழி விடியலில் ஆண்டாள் கோயிலுக்குப் போகிறவர்கள் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வதோடு இங்கே குளிர் முடிந்துவிடும். ஆனால் ஷெட்டில் துடைத்துப் பாதுகாத்துவரும் ஒரு பழைய அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ டிசம்பர் விடுமுறைக்கு ஊட்டி கிளம்பினால் கதை வேறு. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கம் புல்வெளியெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும். வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும்; சில இரவுகளில் அதற்கும் கீழே இறங்கும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீரோடு அந்த வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போகலாமா?

எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் பாதையை முதலில் பார்ப்போம். அம்பாசடரில் நெடுங்காலம் ஓடியது 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின். அதன் பிளாக் வார்ப்பிரும்பு. நான்கு சிலிண்டர்களையும் சுற்றி, பிளாக்குக்குள்ளேயே தண்ணீர் ஓடும் அறைகள் உண்டு. முன்பக்கப் பம்ப் அந்தத் தண்ணீரைச் சுழற்றும். எஞ்சின் சூடேறி சுமார் 80 டிகிரியை எட்டியதும் தெர்மோஸ்டாட் திறக்கும். சுடுநீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்றில் ஆறி, மீண்டும் பிளாக்குக்குள் போகும்.

பெரும்பாலான திரவங்கள் உறையும்போது சுருங்கும். தண்ணீர் விரியும். ஒரு லிட்டர் தண்ணீர் பனிக்கட்டியானால் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடுதல் இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் அது தரும் அழுத்தம் மிகப் பெரியது. மைனஸ் 22 டிகிரியில் அது 2,000 வளிமண்டல அழுத்தத்தையும் எட்ட வல்லது. வார்ப்பிரும்பு வளையாது, வெடிக்கும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகட்டு மூடிகள் பனிக்கட்டி தள்ளும்போது கழன்று எஞ்சினைக் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். அவை வார்ப்பின்போது மணலை வெளியேற்ற விட்ட துளைகளை அடைப்பவை. சில வேளை கழன்று விழும். பிளாக்கைக் காக்கும் என்று நம்ப முடியாது.

ஒரே இரவில் பிளாக் வெடிக்கும் அளவுக்கு நீலகிரியில் உறைவது அரிது. லடாக்கின் குளிரில் அது நடக்கும். ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் முதலில் குளிர்பவை. அங்கே பனிக்கட்டி அடைத்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் தண்ணீர் சுழலாது. வெளியே குளிர் நடுக்க, உள்ளே எஞ்சின் கொதிக்கும்.

மலைப்பாதையில் எதிர்த்திசை ஆபத்தும் உண்டு. உயரம் கூடக் கூடத் தண்ணீரின் கொதிநிலை குறையும். ஊட்டியில் அது சுமார் 92 டிகிரிதான். இரண்டாம் கியரில் திணறி ஏறும் பழைய வண்டிக்கு இது மிகக் குறைந்த வரம்பு. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலையை ஒன்றரை டிகிரி அளவுக்கு உயர்த்துகிறது. அதனால்தான் ரப்பர் வளையம் தேய்ந்த மூடி இருக்கும் வண்டி மலையில் ஆவி கக்குகிறது.

இரண்டு ஆபத்துக்கும் மருந்து ஒன்றே: எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட். கிளைக்கால் மூலக்கூறுகள் நடுவே புகுந்து, தண்ணீர் மூலக்கூறுகள் படிகமாக அடுக்கிக்கொள்ள விடாமல் தடுக்கின்றன. தூய கிளைக்கால் மைனஸ் 13 டிகிரி வாக்கில் உறைந்துவிடும். தண்ணீரோடு சரிபாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். கொதிநிலையும் உயரும். ஆனால் கிளைக்கால் தண்ணீரைவிடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும். நம் வெயிலுக்கு மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மீதி தண்ணீர் போதும். ஊட்டிக் குளிருக்கு அது தாராளம்.

சமவெளியை விட்டே நகராத வண்டிக்கும் கூலன்ட் வேண்டும். காரணம் நம் ஆழ்துளைக் கிணற்று நீர். வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு, எஞ்சினின் நீரறைகளிலும் படிகிறது. அது வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தாமல் மறிக்கும். இன்னொரு பக்கம் வார்ப்பிரும்பு துருப்பிடித்துக் குழாய்களை அடைக்கும். கூலன்டில் சேர்த்திருக்கும் துருத்தடுப்பு உப்புகள் இரும்பையும், ரேடியேட்டரின் பித்தளையையும் ஈயப்பற்றையும் காக்கும். அவை இரண்டு மூன்று ஆண்டுகளில் தீர்ந்துவிடும். நிறம் பச்சையாகவே இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டரையே பயன்படுத்துங்கள். "நம்ம ஊர் சூட்டுக்கு எதுக்கு?" என்று சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். சரியான சூட்டுக்கு வராத எஞ்சின் பெட்ரோல் அதிகம் குடிக்கும், சீக்கிரம் தேயும்.

நாய்களுக்குப் பேர்போன ராஜபாளையத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கிளைக்கால் இனிக்கும், கொடிய விஷமும்கூட. உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் படிகங்களாக இறங்கும். ஷெட்டில் சிந்தியதை வீட்டு நாய் நக்கினால் சிறிதளவே உயிரைப் பறிக்கும். வடித்த கூலன்டைத் தட்டில் பிடித்து, மூடிய கேனில் குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வையுங்கள். நக்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. இனி வெடிக்கும் ஒவ்வொரு பிளாக்கும் ஒரு வண்டி குறைவதற்குச் சமம். மலைக்குக் கிளம்பும் முன், எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் செம்மண் கரைசல்போல் இருந்தால் ரேடியேட்டரின் வடிகுழாயையும் பிளாக்கின் பக்கத்து வடிகுழாயையும் திறந்து முழுவதும் வடித்து, நன்றாக அலசிவிட்டுப் புதுக் கூலன்ட் ஊற்றுங்கள். அரைநாள் வேலைதான், அதற்குப் பிறகு ஊட்டிக் குளிரும் பங்குனி வெயிலும் அந்த எஞ்சினுக்கு ஒன்றுதான்.